எல்லையை மாற்றுவதா, பிறப்பைக் குறைப்பதா, நிர்வாகத்தைக் கட்டுவதா?

ஆண்டுக்கு 3 சதவீதம் வளரும் மக்கள்தொகை ஏறத்தாழ 23 ஆண்டுகளில் இரட்டிப்பாகிவிடும். அதற்குள் வகுப்பறைகளும் செவிலியர்களும் குடிநீர்க் குழாய்களும் இரட்டிப்பானால்தான் அந்த நாடு இன்றிருக்கும் நிலையையே காப்பாற்றிக்கொள்ள முடியும். நைஜர், காங்கோ ஜனநாயகக் குடியரசு, சாட் ஆகியவை இந்த வேகத்தில் அல்லது இதற்கும் மேலான வேகத்தில் வளர்கின்றன. மூன்றின் எல்லைகளையும் வகுத்தவர்கள் அந்த மண்ணில் வாழாதவர்கள். மூன்றிலும் அரசின் கை தலைநகரைத் தாண்டி அதிக தூரம் எட்டுவதில்லை.

இப்படிப்பட்ட நாடு ஒன்று தன்னிடமுள்ள சிறிதளவு பணத்தையும் அரசியல் துணிவையும் முதலில் எதில் இறக்க வேண்டும்? அடிக்கடி கேட்கும் பதில்கள் மூன்று. பொருந்தாத எல்லைகளை மாற்றி, ஒத்துப்போகும் மக்களுக்குத் தனித்தனி நாடு கொடுப்பது முதல் பதில். பிறப்பு விகிதத்தைக் குறைக்காமல் எதைச் செய்தாலும் வீண் என்பது இரண்டாவது. நிர்வாகம் சீரடைந்தால் மற்றவை தானாக வழிக்கு வரும் என்பது மூன்றாவது.

எது எவ்வளவு பலன் தரும், எத்தனை காலம் பிடிக்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் அவற்றுக்கு முன்னால் வேறொன்றைக் கேட்பேன்: எடுத்த முடிவு தவறாகிப்போனால் திருத்திக்கொள்ள வழி இருக்கிறதா? இந்த முடிவுகளின் சுமையைத் தாங்கப்போகிறவர்கள் முடிவெடுத்த அமைச்சர்கள் அல்லர். பிரசவத்துக்கு மருத்துவமனை இல்லாத பெண்களும், கோடு மாறிய இரவில் வீட்டை விட்டு ஓடிய குடும்பங்களும்தான். அதனால் மீள முடியாத முடிவுகளுக்கு மிகக் கடுமையான சோதனை வேண்டும் என்று நினைக்கிறேன்.

எல்லையை மாற்றுவது

ஆப்பிரிக்க எல்லைகளில் பெரும்பகுதி நியாயமற்றது என்பதில் ஐயமே இல்லை. 1884-85இல் பெர்லினில் கூடிய ஐரோப்பிய அரசுகள் அக்கண்டத்தைப் பங்கிட்டுக்கொள்வதற்கான விதிகளை வகுத்தபோது ஆப்பிரிக்கர் ஒருவரும் அந்த மேசையில் இல்லை. ஹௌசா மக்கள் நைஜருக்கும் நைஜீரியாவுக்கும் இடையே பிரிக்கப்பட்டார்கள். சோமாலியர்கள் ஐந்து ஆட்சிப் பகுதிகளில் சிதறினார்கள். இருந்தும் 1964 ஜூலையில் கெய்ரோவில் கூடிய ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு, விடுதலையின்போது இருந்த எல்லைகளை அப்படியே மதிப்பது என்று தீர்மானித்தது. ஓர் எல்லையைத் தொட்டால் எல்லா எல்லைகளும் பற்றியெரியும் என்ற அச்சம்தான் காரணம். அந்தத் தீர்மானத்தை ஏற்க மறுத்த இரண்டு நாடுகளில் சோமாலியா ஒன்று.

சோமாலியாவின் கதையை எல்லை மாற்றத்தை ஆதரிப்பவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். ஒரே மொழி, ஒரே மதம், பெரும்பாலும் ஒரே இனம். "பொருந்தாத மக்களை ஒன்றாகக் கட்டியதால்தான் அரசு தோற்றது" என்ற விளக்கம் அங்கே எடுபடாது. சிதறிய சோமாலியர்களை ஒரே கொடியின் கீழ் கொண்டுவரும் நோக்கத்தில் சியாத் பாரேயின் அரசு 1977இல் எத்தியோப்பியாவின் ஒகாடன் பகுதிக்குள் படையை அனுப்பியது. 1978இல் தோற்றுத் திரும்பியது. அகதிகளும் கடனும் குலங்களுக்கிடையிலான பகையும் பெருகி, 1991இல் அந்த அரசே இல்லாமல் போனது. இயற்கையான எல்லையைத் தேடிப்போன நாடு, இருந்த அரசையும் இழந்தது.

தென் சூடான் வேறு விதம். அங்கே பல பத்தாண்டுப் போருக்குப் பிறகு, 2011 ஜனவரியில் மக்களே வாக்களித்தார்கள். 98.8 சதவீதம் பேர் பிரிவினைக்கு ஆதரவு. அவர்களுடைய காரணங்களைக் குறைசொல்ல யாருக்கும் தகுதியில்லை. ஆனால் எல்லை மாறியது மட்டுமே நடந்தது. எண்ணெய்யில் பெரும்பகுதி தெற்குக்கு வந்தது. அதைக் கடலுக்குக் கொண்டுபோகும் குழாய்கள் வடக்கில் இருந்தன. விடுதலை கிடைத்த ஆறே மாதத்தில், கட்டணத் தகராறில் தென் சூடான் எண்ணெய் உற்பத்தியை நிறுத்திவிட்டது. 2013 டிசம்பரில் உள்நாட்டுப் போர் வெடித்தது. 2018 வரை அதில் ஏறத்தாழ 4 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்கிறது ஒரு மதிப்பீடு. போரின் நடுவே 10 மாநிலங்களை 28 ஆக்கினார்கள், பிறகு 32 ஆக்கினார்கள், 2020இல் மறுபடி 10க்குத் திரும்பினார்கள். வெளி எல்லை மாறினால் தீரும் என்று நம்பிய சிக்கல் உள் எல்லைகளுக்கு இடம் மாறிவிட்டது.

இதற்கு நேர்மாறாக நிற்கிறது, சோமாலியாவிலிருந்து பிரிந்த சோமாலிலாந்து. 1991இல் தனி நாடு என்று அறிவித்துக்கொண்டு, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஐ.நா. உறுப்புரிமை இல்லாமலே தன் நாணயத்தையும் காவல்துறையையும் தேர்தல்களையும் நடத்திவந்தது. 1993இல் போராமாவில் மாதக்கணக்கில் கூடிப் பேசிய குல மூப்பர்கள் ஆட்சி அமைப்பை வகுத்தார்கள். பெர்பெரா துறைமுகச் சுங்கவரி அரசை நடத்தியது. குறைகள் உண்டு. 2023இல் கிழக்கே லாஸ் அனோட் நகரில் நடந்த சண்டை அதன் எல்லைக்கும் ஒற்றுமைக்கும் வரம்பு எங்கே என்பதைக் காட்டியது. ஆனாலும் உலகம் முழுவதும் அங்கீகரித்த தென் சூடானில் அரசு உருவாகவில்லை, அங்கீகாரம் இல்லாத இடத்தில் உருவானது என்பதை எப்படித் தள்ளிவிட முடியும்? வேறுபாடு, உள்ளூரில் வரி கொடுக்கவும் அந்த வரிக்குக் கணக்குக் கேட்கவும் ஓர் உடன்பாடு இருந்ததா என்பதில் இருக்கிறது.

எரித்திரியா 1993இல் பிரிந்தது. அதனால் எத்தியோப்பியா கடற்கரையை முழுவதுமாக இழந்தது. இன்று 12 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நாடு அண்டை நாட்டுத் துறைமுகங்களை நம்பி நிற்கிறது. 1998 முதல் 2000 வரை இரு நாடுகளும் பாத்மே என்ற சிற்றூரைச் சுற்றித் தொடங்கிய போரில் பல்லாயிரம் பேரைப் பலிகொடுத்தன. புதிய எல்லையின் விலையை அதன் இருபுறமும் பிறக்கப்போகும் குழந்தைகளும் சேர்த்தே கொடுக்கிறார்கள்.

ஒரே நாடாக இருந்த இரண்டு நாடுகள்

மக்கள்தொகை, எல்லை, நிர்வாகம் மூன்றும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதைப் பாகிஸ்தானையும் வங்காளதேசத்தையும் போலத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை.

1951 கணக்கெடுப்பில் கிழக்குப் பாகிஸ்தானில் ஏறத்தாழ 4.2 கோடி மக்கள், மேற்கில் 3.4 கோடி. பெரும்பான்மை கிழக்கில் இருந்தது, படையும் அதிகாரமும் மேற்கில் இருந்தன. அந்த எண்ணிக்கையை ஏற்க மனமில்லாத ஆட்சியாளர்கள் 1955இல் மேற்கின் மாகாணங்களை ஒன்றாக்கி, கிழக்குக்குச் சமமான ஒரே அலகு என்று அறிவித்தார்கள். உள் எல்லைகளை அழித்து எண்ணிக்கையைச் சமன்படுத்தும் முயற்சி அது. 1970 தேர்தலில் ஆளுக்கு ஒரு வாக்கு என்ற விதி வந்ததும் கிழக்கின் அவாமி லீக் 313 இடங்களில் 167ஐ வென்றது. ஆட்சியை ஒப்படைக்க மறுத்தார்கள். 1971இல் படுகொலைகள் நடந்தன, ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள், புதிய நாடு பிறந்தது. எண்ணிக்கைக்கு உரிய இடத்தைக் கொடுக்கத் தெரியாத நிர்வாகம்தான் அந்த எல்லையை உண்டாக்கியது.

அதன்பின் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. 1970களின் நடுவில் வங்காளதேசத்தில் ஒரு பெண் சராசரியாக ஆறுக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பெற்றார். பாகிஸ்தானிலும் ஏறத்தாழ அதே நிலைதான். இன்று வங்காளதேசத்தில் அந்தச் சராசரி 2.3ஐ ஒட்டி இருக்கிறது. பாகிஸ்தானில் 2017-18 ஆய்வு காட்டியது 3.6. குறைந்த மக்களோடு தொடங்கிய பாகிஸ்தான் 2023 கணக்கெடுப்பில் 24 கோடியைத் தாண்டியது. அதிக மக்களோடு தொடங்கிய வங்காளதேசம் 2022இல் 17 கோடியை எட்டவில்லை.

வங்காளதேசத்தில் நல்லாட்சி நடந்ததால் இது நிகழ்ந்தது என்று யாரும் சொல்ல முடியாது. 1975இல் அதிபர் முஜிபுர் ரஹ்மான் கொல்லப்பட்டார், 1981இல் அதிபர் ஜியாவுர் ரஹ்மான் கொல்லப்பட்டார், 1982இல் படைத்தளபதி எர்ஷாத் படைபலத்தால் ஆட்சியைப் பிடித்தார். ஊழலுக்கும் குறைவில்லை. ஆனால் இந்தக் குழப்பங்களுக்கு அடியில் ஒரு வேலை நிற்காமல் நடந்தது. உள்ளூர்ப் பெண்களையே களப்பணியாளர்களாக அமர்த்தி, கருத்தடை மாத்திரைகளோடு வீடு வீடாக அனுப்பினார்கள். வெளியே தனியாகப் போக முடியாத பெண்ணிடம் சேவை வாசல்படிக்கே வந்தது. பிராக் என்ற தொண்டு நிறுவனத்தின் பணியாளர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போய், வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் தயாரிக்கும் முறையைத் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பெற்ற பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் பெண்கள் குறைவாகப் பெற்றுக்கொள்ளத் துணிவார்கள். 1990களில் நாடு முழுவதும் ஊரகப் பெண்பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி உதவித்தொகை வந்தது.

"நிர்வாகம் சீரடையும்வரை மக்கள்தொகைத் திட்டம் பலிக்காது" என்பவர்களுக்கு இதைவிட நேரடியான மறுப்பு கிடையாது. மேலே தடுமாறும் அரசு அடியில் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்ய முடியும். ஆனால் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பிறப்பு விகிதம் குறைந்ததால் வங்காளதேச அரசியல் சீரடையவில்லை. 2024 ஜூலை, ஆகஸ்டில் மாணவர்கள் தெருவில் சுடப்பட்டார்கள், ஷேக் ஹசீனா நாட்டை விட்டு வெளியேறினார். படித்த இளைஞர்களுக்கு வேலை இல்லை என்ற கோபமே அந்தப் போராட்டத்தின் வேர். சிறிய குடும்பம் தாய்க்கும் குழந்தைக்கும் நன்மை செய்தது. அரசை நேர்மையாக்கும் வேலையை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

கட்டாயம் என்ற குறுக்கு வழி

பிறப்பைக் குறைக்கும் வழியை ஏற்பவர்களிலும் ஒரு சாரார் அவசரம் காட்டுகிறார்கள். அவர்களுக்கு இந்தியாவின் நெருக்கடிநிலைக் காலமே போதும். 1976-77இல் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். இலக்கை முடிக்க ஏழைகளையும் சிறுபான்மையினரையும் வளைத்துப் பிடித்தார்கள். 1977 தேர்தலில் அரசு தோற்றது. அதைவிடப் பெரிய இழப்பு, ஆண்களுக்கான அறுவை என்ற எளிய, பாதுகாப்பான வழி மக்கள் மனத்தில் கெட்டுப்போனது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் பெண்களுக்கான அறுவையை நம்பியிருப்போர் 37.9 சதவீதம், ஆண்களுக்கானது 0.3 சதவீதம். அன்றைய வன்முறையின் சுமையை அந்த நாளில் பிறந்திராத பெண்களும் சுமக்கிறார்கள்.

சீனாவை எடுத்துக்காட்டுபவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அங்கே ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி 1970இல் ஆறை ஒட்டி இருந்து, ஒரு குழந்தைத் திட்டம் 1980இல் வருவதற்கு முன்பே மூன்றுக்குக் கீழே இறங்கிவிட்டது. ஈரான் யாரையும் கட்டாயப்படுத்தாமல், 1980களின் தொடக்கத்தில் ஆறுக்கு மேல் இருந்த சராசரியை 2000ஐ ஒட்டி இரண்டு அளவுக்குக் கொண்டுவந்தது. கிராமத்துச் சுகாதார இல்லங்களில் அந்தந்த ஊர்க்காரர்களே பயிற்சி பெற்று வேலை செய்தார்கள், பெண்கள் பெருமளவில் பள்ளிக்குப் போனார்கள். எனவே கட்டாயத்தை நான் ஒரு தெரிவாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அது பெண்ணின் உடல்மீது நடத்தப்படும் அத்துமீறல், அதன் பலனும் பொய்.

நிர்வாகம்: எந்த முனையிலிருந்து?

நிர்வாகத்தைச் சீராக்குவது என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் ஒவ்வொருவரும் வேறொன்றைச் சொல்கிறார்கள். உதவி வழங்கும் அமைப்புகள் பெரும்பாலும் தலைநகரில் தொடங்குகின்றன: புதிய கொள்முதல் சட்டம், ஊழல் தடுப்பு ஆணையம், கணினிமயமான நிதித்துறை. இவை தேவையற்றவை அல்ல. ஆனால் எல்லையோரச் சுகாதார நிலையத்தில் செவிலியருக்கு ஐந்து மாதமாகச் சம்பளம் வரவில்லை என்றால், தலைநகரத்து ஆணையம் அந்த ஊருக்கு என்ன செய்யும்? ஓர் அரசின் வலிமையை அளக்க இரண்டு கேள்விகள் போதும் என்பது என் எண்ணம். கடைக்கோடி ஊழியருக்குச் சம்பளம் மாதம் தவறாமல் போய்ச் சேருகிறதா? அங்கே பிறக்கும் குழந்தை பதிவேட்டில் ஏறுகிறதா? காங்கோ ஜனநாயகக் குடியரசில் கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 1984இல். பள்ளியை எங்கே கட்டுவது என்பதை மதிப்பீட்டை வைத்தே முடிவுசெய்ய வேண்டிய நிலை.

அதிகாரத்தைக் கீழே பகிர்ந்தால் போதுமா? இதில் மூன்று நாடுகள் மூன்று பாடங்களைத் தருகின்றன.

நைஜீரியா 1967இல் 4 வட்டாரங்களை 12 மாநிலங்களாக்கியது. 1996இல் அது 36 ஆனது. ஒரு வட்டாரமே மொத்த நாட்டையும் மிரட்டும் நிலை நீங்கியது. தென்கிழக்கு வட்டாரம் தனி நாடாகப் பிரிய முயன்ற பயாஃப்ரா போருக்குப் பிறகு அது சிறிய ஆறுதல் அல்ல. ஆனால் பெரும்பாலான மாநிலங்கள் எண்ணெய் வருவாயிலிருந்து மாதந்தோறும் வரும் பங்கையே நம்பி வாழ்கின்றன. 2015இல் எண்ணெய் விலை விழுந்தபோது பல மாநிலங்களால் சம்பளமே போட முடியவில்லை. சொந்த வரி இல்லாத மாநிலம், தன் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய தேவையும் இல்லாமல் போகிறது.

எத்தியோப்பியாவின் 1995 அரசமைப்புச் சட்டம் இன அடிப்படையில் மாநிலங்களை வகுத்து, 39ஆம் பிரிவில் பிரிந்துபோகும் உரிமையையும் கொடுத்தது. நோக்கம் உயர்ந்தது. நடைமுறையில் ஒவ்வொரு மாநில எல்லையும் நாளைய நாட்டு எல்லையாகக்கூடும் என்ற பதற்றம் வளர்ந்தது. 2020 முதல் 2022 வரை வடக்கே திக்ரே மாநிலத்தில் நடந்த போர் அந்தப் பதற்றத்திலிருந்து தனித்து வந்ததல்ல. அதே எத்தியோப்பியாவில்தான் 2003 முதல் ஒவ்வொரு சிற்றூர் நிர்வாகத்துக்கும் சம்பளம் பெறும் இரு பெண் சுகாதாரப் பணியாளர்களை நியமித்தார்கள். ஒரு பெண்ணுக்கு 2000இல் 5.5 ஆக இருந்த சராசரிக் குழந்தைகள் எண்ணிக்கை 2016இல் 4.6க்கு இறங்கியது. ஒரே அரசு, ஒரே காலம். வரைபடத்தில் செய்த வேலையையும் கிராமத்தில் செய்த வேலையையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

இந்தோனேசியா 2001இல் அதிகாரத்தை மாகாணங்களுக்குக் கொடுக்காமல், அவற்றுக்குக் கீழே மாவட்டங்களுக்குக் கொடுத்தது. மாவட்டம் தனி நாடு கேட்கும் அளவுக்குப் பெரிதல்ல என்பதே அதன் அரசியல் நுட்பம். பிரிவினைப் போராட்டம் நடந்த ஆச்சே மாகாணத்துக்கு மட்டும் 2005 ஹெல்சிங்கி உடன்பாட்டில் வேறு வழி: உள்ளூர்க் கட்சிகளுக்கு அனுமதி, எண்ணெய், எரிவாயு வருவாயில் 70 சதவீதம். ஏறத்தாழ முப்பது ஆண்டு ஆயுதப் போராட்டம் எல்லையைத் தொடாமலே முடிந்தது. ஊழல் மாவட்டத்துக்குப் பரவியது உண்மை. இருந்தாலும் பிரிவினைக் கோரிக்கை உள்ள எந்த நாட்டுக்கும் முதலில் ஆச்சேயைத்தான் நான் பரிந்துரைப்பேன், ஏனென்றால் அது திருத்தக்கூடிய முடிவு.

எல்லையை மாற்றாமல் அதன் கடுமையைக் குறைப்பது என்றொரு வழியும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரக் கூட்டமைப்பு 1979இலேயே தடையற்ற நடமாட்டத்துக்கு உடன்பட்டது. மேய்ச்சல்காரருக்கும் சந்தைக்குப் போகும் பெண்ணுக்கும் அது கொடிகளைவிட முக்கியம். மாலி, புர்கினா பாசோ, நைஜர் மூன்றும் 2025 ஜனவரியில் அந்தக் கூட்டமைப்பை விட்டு விலகின. எந்த ஆட்சி வந்தாலும் நடமாட்டத்தை மட்டும் காப்பாற்றிவிட வேண்டும்.

என் தேர்வு

இத்தனையும் வைத்துப் பார்க்கும்போது, முதல் பணம் போக வேண்டிய இடம் வீட்டு வாசலுக்கு வரும் பெண் சுகாதாரப் பணியாளரின் சம்பளமும் பெண்பிள்ளைகளின் பள்ளியும். இது மக்கள்தொகைத் திட்டமா, நிர்வாகத் திட்டமா என்று கேட்டால், இரண்டும்தான். ஒரு பெரும் படையான ஊழியர்களுக்கு மாதந்தோறும் சம்பளத்தையும் மருந்தையும் கொண்டுசேர்க்கக் கற்றுக்கொள்ளும் அரசு, மற்ற வேலைகளையும் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கும். பலன் முழுதாகத் தெரிய இருபது ஆண்டுகள் ஆகும், ஏனென்றால் நாளைய தாய்மார் ஏற்கெனவே பிறந்துவிட்டார்கள். ஆனால் தாய் இறப்பும் சிசு இறப்பும் முதல் சில ஆண்டுகளிலேயே குறையும். தவறு நேர்ந்தால் அடுத்த ஆண்டே திருத்தலாம்.

இரண்டாவதாக, சொந்த வரி வசூலோடு கூடிய உள்ளூராட்சி. எல்லை மாற்றம் கடைசி. பெருங்கொலை நடந்து சேர்ந்து வாழும் வழியெல்லாம் அடைபட்டுப்போன இடத்தில் மட்டும் அதை ஏற்பேன். 1971இல் வங்காளிகளுக்கு வேறு வழி இருந்ததாக நான் நினைக்கவில்லை. அப்போதும் குழாய்கள், கடன், குடியுரிமை ஆகியவற்றில் உடன்பாடு வாக்கெடுப்புக்கு முன்பே வர வேண்டும்.

இந்த வரிசையில் எனக்கு எளிதாக விடை கிடைக்காத இடம் ஒன்று உண்டு: கணக்கெடுப்பு. தலைகளை எண்ணியே நாடாளுமன்ற இடங்களையும் பணத்தையும் பகிர்வதால், நைஜீரியாவில் 1962 முதல் ஏறத்தாழ ஒவ்வொரு கணக்கெடுப்பும் தகராறில் முடிந்தது. 2006க்குப் பிறகு எண்ணவே இல்லை. லெபனான் 1932க்குப் பிறகு எண்ணத் துணியவில்லை. இந்தியா 1976இல் மக்களவை இடப்பகிர்வை 1971 எண்ணிக்கையோடு நிறுத்திவைத்தது, பிறப்பைக் குறைத்த மாநிலங்கள் தண்டிக்கப்படக் கூடாது என்பதற்காக. 2026க்குப் பின் வரும் முதல் கணக்கெடுப்பு வரைதான் அந்த ஏற்பாடு. அது தகராறைத் தீர்க்கவில்லை, ஐம்பது ஆண்டு தள்ளிவைத்தது. அந்த ஐம்பது ஆண்டில் நாடு பல வேலைகளைச் செய்துகொள்ள முடிந்தது. புதிதாக எண்ணத் தொடங்கும் நாடு, கணக்கெடுப்பாளர் முதல் கதவைத் தட்டும் முன்பே, இடங்களும் பணமும் எந்த விதிப்படி பகிரப்படும், எத்தனை ஆண்டுக்கு அது மாறாது என்பதைச் சட்டமாக்கிவிட வேண்டும். எண்ணி முடித்த பிறகு அந்தப் பேச்சைத் தொடங்கினால், எந்தத் தரப்பும் விட்டுக்கொடுக்காது.